பத்து நாள் காதால் பார்த்த படங்கள்

சொக்கிகுளத்தான் எழுதியது:

போன மாசம் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுவை அடைத்து, பத்து நாள் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். உள்ளே இருக்கிற குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். அதற்கு நாம் தரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். சோறு குனிந்தபடி, காபி ஸ்ட்ரா போட்டு. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கால் விரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கண்ணால் போனைப் பார்த்தால் அரை மணியில் தலை கனத்துவிடும். மூன்றாம் நாள் மகள் போனைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்து வைத்து, "கேளுங்கப்பா, போதும்" என்றாள். அதுவும் குப்புற, நானும் குப்புற. அப்படியே பதினேழு படம் ஓடியது. பாதி பல தடவை பார்த்தது, பாதி இன்றுவரை கண்ணால் பார்க்காத புதுசு. இப்போது எழுந்து உட்கார உத்தரவு கிடைத்துவிட்டதால் வாயைத் திறக்கிறேன்.

முதலில் 'காதலிக்க நேரமில்லை'. 1964-ல் வந்தது, நான் பிறப்பதற்கு முன்னால். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் எல்லோருக்கும் மனப்பாடம். காதால் கேட்டபோதுதான் அதன் தச்சுவேலை பிடிபட்டது. நாகேஷ் அங்கே கதையா சொல்கிறார்? வாயாலேயே ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, போடுகிறார். பயம் வர வேண்டிய இடத்தில் ஒரு சத்தம், சத்தத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்குள் பாலையாவின் மூச்சு. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியிடம் கேமரா கிடையாது, பிலிம் கிடையாது, இருந்தது தொண்டை ஒன்றுதான். போர்வைக்குள் தனியாகச் சிரித்தேன். சிரிக்கக் கூடாது, கண் அதிரும் என்று மகள் திட்டினாள்.

அடுத்து 'அந்த நாள்', 1954. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. அவ்வளவு பெரிய சங்கீத வித்வான் படம் எடுக்கிறார், அதில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை! அந்த நெஞ்சழுத்தம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆரம்பத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி காலி. பிறகு ஜாவர் சீதாராமன் வந்து ஒவ்வொருத்தராக விசாரிக்க, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கதை. செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ எஞ்சினியர் என்பது இந்தத் தடவைதான் எனக்கு உறைத்தது. 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம், ரகசியத்தைக் காற்றில் அனுப்பத் தெரிந்த ஒருவன். குப்புறக் கிடந்து கேட்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. சுட்டது பெண்டாட்டிதான் என்று தெரிந்திருந்தும், பண்டரிபாயின் குரல் கடைசியில் உடையும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது.

புதுசுக்கு வருகிறேன். பெரிய நட்சத்திரத்தின் படம் ஒன்று. பேர் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. முதலில் செண்டை. பிறகு கோரஸ். பிறகு கோரஸும் செண்டையும். என்ன நடக்கிறது என்று மகளைக் கேட்டேன். "ஹீரோ நடந்து வர்றார்பா." பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டேன். "இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கார்."

அதே புதுசில் 'மெய்யழகன்' அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், அரவிந்த்சாமி 'ம்' கொட்டுகிறார். தன்னிடம் இவ்வளவு உரிமையாகப் பேசுகிறவன் பேர்கூடத் தெரியாத சங்கடம் அந்த 'ம்'மிலேயே இருக்கிறது. 2024-ல் படம் வந்த சில நாளில் நீளம் என்று சொல்லி ஏறக்குறைய 18 நிமிஷத்தை வெட்டினார்கள். எனக்கு அந்த 18 நிமிஷமும் வேண்டும். ஒரு ராத்திரி பேச்சு அளவாக இருந்தால் அதற்குப் பேர் மீட்டிங்.

என் கருத்து இதுதான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்: காதால் பார்த்தால் நிற்கிற படம்தான் படம். கண்ணை மூடினால் காணாமல் போகிற படம் பொருட்காட்சி.

முதல்நாள்முதல்ஷோ எழுதியது:

ஏனுங்ணா, 'அந்த நாள்' நான் இன்னும் பாக்கலீங்க. யார் சுட்டதுன்னு இப்படிப் போட்டு உடைச்சுட்டீங்களே.

சொக்கிகுளத்தான் எழுதியது:

தம்பி, படம் வந்து 70 வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை நாள் ரகசியம் காக்கச் சொல்கிறீர்கள்?

முதல்நாள்முதல்ஷோ எழுதியது:

சரி உடுங்க. ஆனா பொருட்காட்சின்னு சொன்னதுக்கு வர்றேனுங்க. 'விக்ரம்' மொத நாள் காலைல நாலு மணி ஷோ பாத்தவன் நான். பழைய 'சக்கு சக்கு வத்திக்குச்சி' பாட்டு அதுல வந்தப்ப தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு. அது 1995 'அசுரன்' படத்துப் பாட்டுன்னு எங்க செட்டுல பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துல நானும் ஒரு சத்தமுங்க. அதைப் போய் போன்ல தரைல கவுத்து வெச்சுக் கேட்டா என்ன வரும்? தேரை வீட்டு வாசல்ல வந்து இழுக்கச் சொன்ன மாதிரி இருக்கு.

இன்னொண்ணு. பாட்டில்லாத படம்னா உங்காளுங்களுக்கு 1954-தான் ஞாபகம் வருது. 'கைதி'யில பாட்டு இருக்குதா? 'துப்பறிவாள'ன்ல இருக்குதா? அதெல்லாம் எங்க காலத்துப் படம்ங்ணா.

அப்பறம் 'லப்பர் பந்து'. அட்டகத்தி தினேஷ் பேட்டோட வர்றப்ப விஜயகாந்த் பாட்டு வரும் பாருங்க, 'பொன்மனச் செல்வன்' பாட்டு. 1989-ல வந்த பாட்டை நான் 2024-லதான் மொதல்ல கேட்டேன். இப்ப வண்டில அதுதான் ஓடுது. பழசு புதுசுன்னு நீங்கதான் பிரிக்கறீங்க, நாங்க பிரிக்கறதில்ல.

சாலிகிராமக்_காது எழுதியது:

இருபது வருஷமா மிக்ஸிங் தியேட்டர்ல உட்கார்ந்திருக்கேன், அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதில்.

சொக்கிகுளத்தான் ஐயா, உங்க பரிசோதனையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 'காதலிக்க நேரமில்லை', 'அந்த நாள்' எல்லாம் மோனோ. திரைக்குப் பின்னால ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும்னு நினைச்சு செஞ்ச சத்தம். அது உங்க போனுக்கும் ஏத்தது. இன்னிக்குப் படத்துல வசனம் நடு ஸ்பீக்கர்ல, இசை இடமும் வலமும், கூட்டமும் மழையும் பக்கவாட்டுல, இடி கீழே தனி ஸ்பீக்கர்ல. அத்தனையும் சேர்த்து ஒரு போனோட சின்ன ஓட்டை வழியா தள்ளினா முதல்ல நசுங்குறது வசனம்தான். கல்யாணப் பந்தியை டிபன் பாக்ஸ்ல அடைச்சுட்டு ரசம் பாயசத்துல கலந்திருச்சேன்னு கேட்டா எப்படி?

ஆனா நீங்க சொன்ன நோய் நிஜம். தியேட்டர்ல டால்பி பெட்டியில 7-ன்னு ஒரு அளவு இருக்கு. அந்த அளவுல வச்சுதான் நாங்க மிக்ஸ் பண்றோம். ஜனங்க காது வலிக்குதுன்னு சொன்னதும் தியேட்டர்காரர் அதை அஞ்சுக்கு இறக்கிடுவார். நம்ம படம் அங்க சப்புன்னு இருக்கேன்னு அடுத்த படத்துக்கு நாங்க மிக்ஸிங்லயே ஏத்துவோம். அவர் நாலரைக்கு இறக்குவார். நாங்க இன்னும் ஏத்துவோம். இந்தக் கயிறு இழுக்குற போட்டியில செத்தது வசனமும் மௌனமும்தான். 2024 நவம்பர்ல 'கங்குவா' வந்தப்போ சத்தம் தாங்கலைன்னு எல்லாரும் சொல்ல, ஒலி அளவை ரெண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருக்கோம்னு தயாரிப்பாளரே அறிவிச்சார், ஞாபகம் இருக்கா?

மிக்ஸிங்ல ஒரு காட்சியை அமைதியா விட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை நடுங்கும். "சார், இங்க ஒரு பேடு போட்டுக்கலாமா, ஜனங்க போனை எடுத்துருவாங்க" அப்படின்னு ஒரு குரல் வரும். பேடுன்னா பின்னால லேசா இழுத்துக்கிட்டே இருக்குற இசை. அந்தக் குரல் வராத படத்தை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

ரீல்பெட்டி எழுதியது:

அண்ணாச்சி, கண்ணு இப்பம் எப்படி இருக்கு? பாத்து இரியும்.

நமக்கு நெல்லைப் பக்கம். டூரிங் கொட்டகையில 1979-லேருந்து பதினோரு வருசம் ஆபரேட்டரா கெடந்தேன். சத்தம்னா என்னன்னு இவ்வளவு பேரு எழுதுதீய, அது எங்க இருந்து வருதுன்னு நான் சொல்லுதேன். பிலிம் ஓரத்துல ஒரு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். எக்ஸைட்டர் லேம்ப்னு ஒரு குட்டி பல்பு அதுக்கு நேரா வெளிச்சம் அடிக்கும். வெளிச்சம் கூடிக் கொறையறதுதான் சிவாஜி, கண்ணாம்பா, டி.எம்.எஸ். எல்லாமே. பல்பு மங்குனா சிவாஜிக்கே ஜலதோசம் பிடிச்சிரும். கொட்டகையில சட்டையக் கழட்டி அந்தக் கண்ணாடியத் தொடைச்சிருக்கேன்.

இன்னொரு கூத்து. படம் தெரியுத எடமும் சத்தம் எடுக்குத எடமும் மெசின்ல ஒண்ணு கெடையாது. சத்தம் பிலிம்ல சுமார் 20 பிரேம் முன்னாலயே இருக்கும். நடுவுல பிலிமைக் கொஞ்சம் தளர்த்தி லூப் போட்டு விடணும். லூப்பு அளவா இல்லாம நீண்டு போச்சுன்னா சத்தம் பின்னால இழுக்கும். ஒரு நாள் 'மனோகரா' ஓட்டுதேன். மகனைப் பொங்கி எழச் சொல்லுத சீனு. கண்ணாம்பா வாயி மூடின பொறவு குரலு வருது. முன்னால மணல்ல இருந்த ஒருத்தன் சத்தமா சொன்னான், "ஏலே, ஆத்தா பேசிட்டு யோசிக்கா." கொட்டகையே சிரிச்சிட்டு. எனக்கு மானம் போச்சு. அன்னைக்கு ராத்திரி மொதலாளி சம்பளத்துல கை வச்சாரு.

என் கருத்தக் கேட்டா, சத்தத்துக்குன்னு பொறந்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'தான். நாயனம் வாசிச்சது எம்.பி.என். சேதுராமன் பொன்னுச்சாமி. கன்னம் உப்புனது சிவாஜி. எங்க ஊர்ல நெசமான நாயனக்காரரு ஒருத்தரு அந்தப் படத்துக்கு எட்டு நாளும் வந்தாரு. கேபினுக்கு வெளிய நின்னு, சிவாஜி மூச்சு எடுக்குத எடம் சரியா இருக்கான்னு மட்டும் பாப்பாரு. சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாரு.

வடமராட்சியாள் எழுதியது:

சொக்கிகுளத்தண்ணை, நீங்களும் ஃபோனும் குப்புறக் கிடந்த கதையை வாசிக்க எனக்கு எங்கட வீட்டுச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. அதுவும் கவிண்டுதான் கிடந்தது.

90களிலை யாழ்ப்பாணத்திலை கரண்ட் இல்லை. பற்றறியும் வராது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயரைப் பூட்டி, பெடலைக் கையாலை சுத்தினால்தான் ரேப் றெக்கோடர் பாடும். எங்களிட்டை 'திருவிளையாடல்' வசனக் கசற் ஒண்டு இருந்தது. தருமியின்ரை புலம்பலுக்கு அண்ணா சுத்துவான், நக்கீரரின்ரை வாதத்துக்கு நான். அண்ணா களைச்சால் நாகேஷின்ரை குரல் இழுபட்டு யானை மாதிரி வரும். உடனை அம்மா குசினிக்குள்ளை இருந்து "சுத்தடா" எண்டு கத்துவா. அம்மாவின்ரை காலத்திலை இலங்கை வானொலியிலை கே.எஸ்.ராஜாவின்ரை திரைவிருந்து. அவவும் படம் பார்த்ததை விடக் கேட்டதுதான் கூட. நான் கனடாவுக்கு வந்தாப் பிறகுதான் 'திருவிளையாடலை'க் கண்ணாலை பார்த்தனான். நக்கீரராய் நிக்கிறது படத்தை எடுத்த ஏ.பி.நாகராஜன்தான் எண்டு அண்டைக்குத்தான் தெரியும். நான் மனசுக்குள்ளை வைச்சிருந்த நக்கீரர் இன்னும் மெலிவு, தாடியும் பெரிசு.

புதுப்படத்திலை 'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி ஒரு சொல்லு. சசிகுமாரும் சிம்ரனும் எங்கட பேச்சைப் பேசினம். நல்லாய்த்தான் முயற்சி செய்திருக்கினம், ஆனால் ஒரு வசனம் யாழ்ப்பாணத்திலை வெளிக்கிட்டு முடியேக்கை மதுரையிலை போய் இறங்குது. கண்ணாலை பார்க்கிறவைக்கு அது பெரிசாய்த் தெரியாது. கேக்கிற எங்களுக்குப் பல்லுக்குள்ளை மண் கடிபட்ட மாதிரி. இருந்தும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பேச்சைக் கேட்டு ஆரெண்டு கண்டுபிடிச்சிடுவினமோ எண்டு ஒரு குடும்பம் பயப்பிடுறது எங்களுக்குக் கதை இல்லை.

'வீடு' எடுத்த பாலு மகேந்திரா எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியாள் எண்டதையும் இதிலை பதிஞ்சு வைக்கிறன். ஒருத்தரும் 'வீட்டை'ப் பற்றிக் கதைக்கேல்லை?

சொக்கிகுளத்தான் எழுதியது:

கதைக்கிறேன் அம்மா. நானே சொல்ல வந்ததுதான்.

ஏழாம் நாள் 'வீடு' கேட்டேன். 1988. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ஒரு சாதாரணப் பெண் கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்து இழுபடுகிற கதை. செங்கல், சிமெண்ட், கையெழுத்து, காசு என்று பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. பிறகு தாத்தா, சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிற இடம் வந்தது. பேச்சு நின்றுவிட்டது. இளையராஜா மட்டும் இருக்கிறார். 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டிலிருந்து எடுத்த இசை. எனக்கு அந்த இடம் தெரியும். கிழவர் சுவரைத் தொடுவார், வாசல் வழியாக நுழைவார், ஜன்னலுக்காக விட்ட ஓட்டையைப் பார்ப்பார். எல்லாம் எனக்குக் 'கேட்டது'. மகள் 'வீடு' பார்த்ததில்லை. அவளும் என்னோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நெட் நின்னுடுச்சா, வெறும் பாட்டா ஓடுது?" என்றாள்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது இடிக்கிறது.

'உதிரிப்பூக்கள்' கடைசியும் அப்படித்தான். ஆறு, ஊர் ஜனம், விஜயன், குழந்தைகள். 1979-ல் மகேந்திரன் எப்படி அந்த முடிவை அவ்வளவு குறைந்த பேச்சில் முடித்தார் என்று நினைத்து நினைத்துக் கேட்டேன். நான் சொல்கிற மௌனம் அதுதான். அதைக் கேட்கவே தனிக் காது வேண்டும்.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

மூணு நாளா இந்த இழையை வாசிச்சுக்கிட்டு இருக்கேன். வாசிக்கிறேன்னா, போன்ல திரைபடிப்பான் எனக்கு வாசிச்சுக் காட்டுது. பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. வயசு 44. சொக்கிகுளத்தார் பத்து நாள் பார்த்த மாதிரிதான் நான் எல்லாப் படத்தையும் பார்த்துக்கிட்டு இருக்கேன், அதனால சீனியாரிட்டியில ரெண்டு வார்த்தை.

'உதிரிப்பூக்கள்' கடைசிக் காட்சியைக் கேட்க தனிக் காது வேணும்னீங்க. என்கிட்ட இருக்கிறது தனிக் காதுதான். எனக்கு அங்க கேக்கிறது தண்ணி, கொஞ்சம் இசை, புள்ளைங்க சத்தம். அவ்வளவுதான். அவன் தண்ணிக்குள்ள போறான்கிறதே எனக்கு ஒரு கூட்டாளி சொல்லித்தான் தெரியும். நீங்க கேட்டது படத்தை இல்ல சார், உங்க ஞாபகத்தை. முப்பது வருஷம் முன்னாடி கண்ணால பார்த்து உள்ள போட்டு வச்ச படத்தை, சத்தத்தைத் தட்டி எழுப்பி ஓட்டியிருக்கீங்க. பழைய படம் நின்னுச்சு, புதுப்படம் நிக்கலைன்னா, உங்க பெட்டிக்குள்ள பழசுக்கு மட்டும் பிரிண்ட் இருந்துச்சுன்னு அர்த்தம்.

எனக்குப் பிடிச்சது சொல்றேன். 'ரத்தக்கண்ணீர்'. அதுவும் 1954தான். எம்.ஆர்.ராதா அந்தக் கரகரப்புல ஒரு வார்த்தையைப் பிடிச்சு இழுத்து, நடுவுல மடக்கி, அடிக்குரல்ல போய் முடிப்பார். நோய் முத்த முத்த குரல் எப்படி உடையுதுன்னு கேளுங்க. மேக்கப் எல்லாம் எனக்கு எதுக்கு? 1954-ல 'அந்த நாள்', 'மனோகரா', 'ரத்தக்கண்ணீர்' மூணும் வந்திருக்கு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே எனக்காக ஒரு வருஷம் ஒதுக்கி வச்சிருக்காங்க.

புதுசுல 'ஒத்த செருப்பு'. பார்த்திபன் ஒருத்தர்தான் திரையில, மத்த எல்லாரும் வெறும் குரல். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தியேட்டர்ல பக்கத்து சீட்டுக்காரனும் நானும் சரிசமமா உட்கார்ந்திருந்தோம். ரசூல் பூக்குட்டிக்கு அந்தப் படத்துக்கு ஒலிக்காகத் தேசிய விருது கிடைச்சப்போ வீட்டுல கேசரி கிண்டினோம்.

மத்தபடி என் தியேட்டர் அனுபவம் கிசுகிசுப்புதான். கூட வர்றவர் காதுல சொல்லுவார், முன்சீட்டுக்காரர் திரும்பித் திட்டுவார். காட்சியை விவரிக்கிற ஒலிக்குறிப்பு தியேட்டர்ல வேணும்னு 2024 மார்ச்சுல ஒன்றிய அரசு வழிகாட்டுதல் போட்டிருக்கு. எங்க ஊருக்கு அது இன்னும் வந்து சேரலை. அதுவரைக்கும் திட்டு வாங்குவோம்.

சாலிகிராமக்_காது எழுதியது:

பூட்டு சார், இதைப் படிச்சுட்டு இன்னிக்கு வேலைக்குப் போகவே கூச்சமா இருந்துச்சு. வருஷக்கணக்கா சத்தம் சேர்த்துக்கிட்டே இருக்கேன், ஒரு தடவைகூட இந்தப் பக்கமிருந்து யோசிச்சதில்லை. 'பேசும் படம்' பத்தி உங்க கருத்து என்ன? 1987, வசனமே கிடையாது.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

நல்லாக் கேட்டீங்க போங்க. அது எனக்குப் பேசாத படம்.

ஆனா ஒரு இடம் இருக்கு. கமல் பெரிய ஓட்டல் ரூம்ல தூக்கம் வராமப் புரளுவாராம், அமைதி தாங்காம. அப்புறம் தன் பழைய லாட்ஜ் பக்கம் போய், பக்கத்துத் தியேட்டர் சத்தத்தை டேப்புல பிடிச்சுட்டு வந்து போட்டுக்கிட்டுத் தூங்குவாராம். இதை என் கூட்டாளி சொன்னதும் எனக்கு என்னமோ போல ஆச்சு. அந்தப் படத்துல எனக்குன்னு எடுத்த சீன் அது ஒண்ணுதான்.

சொக்கிகுளத்தான் எழுதியது:

பூட்டு சார், தோற்றேன். பிரிண்ட் என் பெட்டிக்குள் இருந்தது உண்மை. மகள் 'வீடு' கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க விட மாட்டேன். 'கொட்டுக்காளி' நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஞாபகம் கிடையாது, பிரிண்ட் கிடையாது. 2024-ல் பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது, பின்னணி இசையே இல்லை, லைவ் சவுண்டு. 'அந்த நாள்' பாட்டை எடுத்துப் போட்டது 1954-ல். சரியாக 70 வருஷம் கழித்து இவர் இசையையே எடுத்துப் போட்டிருக்கிறார். ஆட்டோவைக் கயிறு இழுத்துக் கிளப்புகிற சத்தம், சேவல் இறக்கை அடிப்பது, மண் ரோட்டில் வண்டி தூக்கிப் போடுவது. சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அந்தக் கட்டிய குரலுக்குள் கோபம் வெளியே வர வழி இல்லாமல் மோதுகிறது. திடீரென்று அது வெடித்து அடிக்கிற இடத்தில் நான் தலையணையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மதுரைப் பக்கத்து ரோடு அது, எனக்குத் தெரியும். இந்தப் படம் காதால் நின்றதா இல்லையா?

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

நின்னுச்சு. நானும் ரெண்டு தடவை கேட்டேன். கயிறு இழுக்கிற சத்தம் எனக்கும் பிடிக்கும்.

ஆனா சார், அந்தப் பொண்ணு எங்க?

மீனா. அவளுக்காகத்தானே அத்தனை பேரும் வண்டி கட்டிப் போறாங்க. அவ வாயைத் திறக்கிறதே அபூர்வம். பேசாம இருக்கிறதுதான் அவ எதிர்ப்பு, புரியுது. பார்க்கிறவங்களுக்கு அந்த மூஞ்சியே பேசும்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க. எனக்கு அவ படத்துலயே இல்ல. ஆம்பளைங்க சத்தம், சேவல் சத்தம், ஆட்டோ சத்தம் எல்லாம் இருக்கு. எதுக்காக இந்தப் பயணமோ அந்த ஆள் மட்டும் இல்ல.

சொக்கிகுளத்தான் எழுதியது:

ஆமாம். நானே நடுவில் மகளிடம் கேட்டேன், அந்தப் பிள்ளை இறங்கிப் போய்விட்டதா என்று. "அந்த ஆட்டோவுலதான்பா இருக்கா" என்றாள்.

நாளைக்குக் கண்ணால் பார்க்கப் போகிறேன். அரை மணிக்கு மேல் கூடாது என்று உத்தரவு. மீனா முகத்தை மட்டுமாவது பார்த்துவிடுகிறேன்.

முதல்நாள்முதல்ஷோ எழுதியது:

'அந்த நாள்' நேத்து ராத்திரி பாத்தேனுங்க. யார் சுட்டதுன்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் எந்திரிக்கலை. ஆனா ஒண்ணு, போன்ல பாக்கலை. வீட்டுல பெரிய டி.வி.ல, சவுண்டை 40-ல வெச்சுப் பாத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி என்ன தம்பி சிவாஜி படமான்னு கேட்டுட்டுப் போச்சு.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

எல்லாரும் இருக்கீங்க, ஒரு சந்தேகம். ரொம்ப நாளா யார்கிட்டயும் கேட்டதில்லை.

முதல் பதிவுல சொன்ன நாகேஷ் பேய்க்கதை. அதை நான் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன், நாகேஷ் பக்கம் முழுசா மனப்பாடம். ஆனா வீட்டுல எல்லாரும் சிரிக்கிறது நாகேஷ் பேசுற இடத்துல இல்ல. அவர் நிறுத்துற இடத்துல. அந்த இடத்துல எனக்கு ஒரு முனகல்தான் கேக்கும். பாலையா அங்க என்ன செய்றார்?

வடமராட்சியாள் எழுதியது:

ஐயோ, அதை எப்பிடிச் சொல்லுறது. கண்ணை உருட்டுவார்.

முதல்நாள்முதல்ஷோ எழுதியது:

அது மட்டும் இல்லீங்க. வாய் தொறந்துக்கும், மூட மறந்துருவாரு.

ரீல்பெட்டி எழுதியது:

வெலகுங்க. கேபின் ஓட்டை வழியா அந்த ரீல ஒரு நூறு தடவையாவது பாத்திருப்பேன், நான் சொல்லுதேன்.

பாலையா பெரிய ஆளு, கேட்டீரா, எஸ்டேட் மொதலாளி. ஒடம்பு, தோரணை எல்லாம் அதுக்குத் தக்கன. கதை தொடங்கும்பம் இந்தப் பய என்ன சொல்லப் போறாங்கிற மிதப்புலதான் இருப்பாரு. நாகேஷு சத்தம் போட ஆரம்பிச்சதும் மொதல்ல கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசாவும். மொகம் அசையாது. பொறவு கண்ணு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போவும், நெசமாவே எதுவும் வருதான்னு பாக்குத மாதிரி. நாகேஷு நிறுத்துவாரு பாத்தீரா, அப்பம்தான் வாயி தானா தொறக்கும். சத்தம் வராது. வரணும்னு பாப்பாரு, வராது. ஒரு பெரிய மனுசன் உம்ம கண்ணு முன்னாலயே சின்னப் பிள்ளையா சுருங்கிப் போறாருன்னு வச்சுக்கிடும். நீரு சொல்லுத முனகல் அந்தச் சின்னப் பிள்ளையோடது. நாகேஷு திரும்பத் தொடங்குனதும் மூச்சு விடுவாரு, மறுபடி மொதலாளி ஆவப் பாப்பாரு. ஆவ விட மாட்டாரு நாகேஷு.

சொக்கிகுளத்தான் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. பயம் அதிகமானால் அவர் நாகேஷிடம் இருந்து விலகுவதில்லை. பேயிடம் இருந்து தப்பிக்க அதே ஆள் பக்கம்தான் போகப் பார்ப்பார்.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

ஓஹோ.

இருங்க, மறுபடி போட்டுக் கேட்டுட்டு வர்றேன்.